படிக்கட்டில் கிடந்த சிவப்புச் செருப்பு

இது நடந்தது. கதை கட்டுகிறவனாக இருந்தால் அமாவாசை, நடுச்சாமம், நாய் ஊளை என்று ஆரம்பிப்பான். இது பட்டப்பகலில், அக்னி நட்சத்திர வெயிலில், திருவண்ணாமலை டவுனுக்குள் நடந்தது. பாதியைச் சொன்னவள் சித்தாள் வெள்ளையம்மாள். மீதியைச் சொன்னவன் மேஸ்திரி தருமனே, ஒருநாள் குடித்துவிட்டு அழுதபோது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இன்று படுக்கப் போகும்முன் உங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்பெல்லாம் உங்கள் வீட்டாருடையதுதானா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் படுங்கள்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், நகராட்சியின் பழைய நீச்சல் குளம் இருந்தது. கட்டி முப்பது வருஷம். தரை வெடித்து, தண்ணீர் பச்சைப் பசேல் என்று பாசி பிடித்து, கடைசியில் தவளைகள் மட்டும் டிக்கெட் வாங்காமல் நீந்திக்கொண்டிருந்தன. அதைச் சீரமைத்துப் புதுக் குளமாக்குவது என்று 1997இல் முடிவானது. பழைய உடைமாற்றும் அறைகளை இடித்து, அந்த இடிசலையே ஆழமான பக்கத்தில் கொட்டி மேடாக்கி, மேலே புதுத் தரை போட வேண்டும். ஆழம் குறைந்துவிட்டால் குழந்தைகள் பயமில்லாமல் குளிக்கலாம். திட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வேலையைப் பார்த்துக்கொண்டவன் தருமன். அடி அண்ணாமலைக்காரன். பேர்தான் தருமன். சித்தாள் ஒருத்தி தண்ணீர் குடிக்க உட்கார்ந்தாலும் வாயில் வந்ததையெல்லாம் பேசுவான். அவன் குரல் தணிவது ஒரே ஒரு ஆளிடம், மகள் எழிலிடம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றிப் பெற்ற ஒற்றைப் பிள்ளை.

"அப்பா, புதுக் கொளத்துல மொதல்ல நான்தான் எறங்குவேன்."

"நீதாண்டா கண்ணு. உனக்கு அப்புறம்தான் கலெக்டரே."

அவளுக்கு எது வாங்கினாலும் பார்த்துப் பார்த்து வாங்குவான். செருப்பு வாங்கினால், அன்றைக்கே வேலையிடத்தில் சித்தாள்கள் பார்க்கக் கம்பியைக் காய்ச்சி அடிப்பக்கம் மூன்று புள்ளி சுட்டுவிடுவான். கோயில் ஊரில் செருப்பு மாறாத வீடு ஏது?

சித்திரைப் பௌர்ணமி அன்று வேலை நடந்தது. கிரிவலம் போகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. மலையைச் சுற்றுகிறவர்கள் வெறுங்காலில்தானே நடப்பார்கள்? கண்ட இடத்தில் செருப்பை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். குளத்துக் கேட்டுக்கு வெளியேயும் நாலைந்து ஜோடி கிடந்தது.

கேட்டுக்கு உள்ளே, குளத்தின் படிக்கட்டில், ஒரே ஒரு ஜோடி. சின்னது. சிவப்பு ரப்பர் செருப்பு. ஆறு வயசுப் பிள்ளையின் அளவு.

"மேஸ்திரி, படிக்கட்டாண்ட சின்னப் புள்ள செருப்பு கெடக்குதுங்க," என்றாள் வெள்ளையம்மாள். "புள்ள எறங்கிருக்கப் போவுது. ஒருவாட்டி தண்ணிய எறைச்சுப் பாத்துடலாம்."

தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் இடிசல் கொட்ட வேண்டும். அதுதான் முறை. ஆனால் மோட்டார் காலையிலிருந்து மக்கர். மறுநாள் பார்வையிட அதிகாரிகள் வருகிறார்கள்.

"பௌர்ணமிம்மா இன்னிக்கு. ஊரு பூரா செருப்புதான். கிரிவலம் போற புள்ள வுட்டுட்டுப் போயிருக்கும். போய் வேலையப் பாரு."

சொல்லிவிட்டு அந்தச் செருப்பைக் காலால் எத்தினான். ஒன்று, பிறகு இன்னொன்று. பச்சைத் தண்ணீரில் விழுந்து மிதந்தன.

லாரிக்காரன் கத்தினான்: "மேஸ்திரி, கொட்டலாமா?"

"கொட்டு!"

கடகடவென்று இறங்கியது. செருப்பு அடியில் போனது. கொஞ்ச நேரம் கழித்து, நடுவில் ஒரே இடத்தில், குமிழி குமிழியாக வந்தது. வெள்ளையம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சேத்துல குமிழி வராம பூவா வரும்? நீ கொட்டுடா!"

அன்று சாயந்திரம் மணியம்மாள் வந்தாள். போளூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரி. மலை சுற்ற வந்த இடத்தில் ஒரே மகளைத் தவறவிட்டுவிட்டாள். தலை கலைந்து, தொண்டை கட்டிப்போய், ஒவ்வொரு வாசலாக நின்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

"பச்சப் பாவாட சார். செவப்பு செருப்பு. இந்தாண்ட எங்கியாவது பாத்தீங்களா?"

தருமனுக்குச் சுருக்கென்றது. சொன்னால் ஜெயில். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன?

"பாக்கலம்மா. கூட்டத்தோட போயிருக்கும். மலையச் சுத்திப் பாரு."

அவள் மலையைச் சுற்றினாள். அடுத்த பௌர்ணமிக்கும் வந்து சுற்றினாள். அதற்கடுத்ததற்கும் வந்தாள். ஒவ்வொரு தடவையும் குளத்துக் கேட்டில் நின்று அதையே கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவன் அதையே சொன்னான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். காங்கிரீட்டில் மறைக்கலாம் என்று அவன் நினைத்துவிட்டான்.

ஒரு வருஷம் போனது. இடிசலுக்கு மேல் புதுத் தரை போட்டாயிற்று. வெள்ளை வெளேர் என்று சுவர். அடுத்த வாரம் திறப்பு விழா. சித்திரைப் பௌர்ணமிக்கு இன்னும் இரண்டு நாள்.

உச்சிவேளை. பன்னிரண்டு மணி தாண்டி ஐந்து நிமிஷம். ஆட்கள் சாப்பிட வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். தருமன் மட்டும் காலிக் குளத்தின் கரையில் நின்றான். காக்கை கூடப் பறக்காத வெயில்.

ஆழமான பக்கத்தில் தரை ஈரமாக இருந்தது. ஒரு குழந்தை உட்கார்ந்து எழுந்த அளவுக்கு. சுற்றிலும் கொதிக்கிற சிமெண்டு. அது மட்டும் காயவில்லை.

திரும்பினான். படிக்கட்டில் சிவப்புச் செருப்பு.

முன்பு கிடந்த அதே படி. குளத்தைப் பார்த்துக் கிடந்தது.

எவனோ தெருப்பையன் வேலை என்று தன்னையே திட்டிக்கொண்டான். உலகத்தில் சிவப்புச் செருப்பு ஒன்றே ஒன்றா? எடுத்து மதிலுக்கு அந்தாண்டை முள்வேலிக்குள் வீசினான். கை ஈரமானது. பாசி வாடை அடித்தது.

மறுநாள், அதே உச்சிவேளை. செருப்பு ஒரு படி கீழே இருந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தான். அடியில் வேலிமுள் குத்திக்கொண்டிருந்தது.

பின்னால் வெள்ளையம்மாள் நின்றிருந்தாள். அவளும் பார்த்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அதேதாங்க மேஸ்திரி... என் கண்ணால பாத்தேன், லோடு அடியில போச்சு. அந்தம்மா நாளைக்கு வரும். சொல்லிடுங்க. தோண்டிப் பாத்துடலாம். உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்குது."

"வாய மூடு. பேசினன்னா நாளையிலேந்து வேலைக்கு வராத."

செங்கம் போகிற லாரி ஒன்றில் செருப்பைத் தூக்கிப் போட்டான். லாரி கண்ணுக்கு மறையும்வரை நின்றான். அப்போது குளத்துக்குள்ளிருந்து சத்தம் கேட்டது.

டொக்... டொக்...

தரைக்கு அடியிலிருந்து.

பௌர்ணமி. பதினோரு மணிக்கே மணியம்மாள் வந்துவிட்டாள். ஒரு வருஷத்தில் பத்து வயசு கூடியிருந்தது அவளுக்கு.

"சார், செவப்பு செருப்பு..."

"எத்தினிவாட்டி சொல்றது? பாக்கல! உம்பொண்ணு செருப்பக் காவல் காக்கவா நான் இருக்கேன்?"

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்க புள்ள நல்லாருக்கணும் சார்," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு நடந்தாள். வெள்ளையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

உச்சிவேளையில் அங்கே நிற்க அவனுக்குத் தைரியம் இல்லை. சாப்பாட்டுக்கு வீட்டுக்கே போய்விடலாம் என்று டிவிஎஸ்-50ஐ எடுத்தான். கிரிவலக் கூட்டத்துக்குள் புகுந்து, அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு தாண்டி ஐந்து நிமிஷம்.

வாசலில் எழிலின் நீலச் செருப்பு. போன வெள்ளிக்கிழமை வாங்கியது.

பக்கத்தில்... சிவப்பு.

ஈரமாக. வீட்டைப் பார்த்து.

வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

உள்ளே சிரிப்புச் சத்தம். இரண்டு பிள்ளைகளின் சிரிப்பு.

"ரேவதி! யாரு வந்துக்கிறது?"

அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "யாரும் வர்லியே. எழில்தான் கூடத்துல தனியா வெளாடுது."

சிரிப்பு நின்றது.

வாசற்படியிலிருந்து கூடத்துக்கு ஈரக் கால்தடம். சின்னக் கால்.

எழில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்...

"எழிலு..."

திரும்பவில்லை.

அவன் முதுகுக்குப் பின்னால், வாசலில்,

சளப்... சளப்... சளப்...

பாய்ந்து வெளியே வந்தான். நீலச் செருப்பைக் காணோம். வாசலிலிருந்து ரோட்டுக்கு ஈரத் தடம் போனது. செருப்புக் காலின் தடம். டவுன் பக்கமாக. வெயிலில் ஒவ்வொன்றாகக் காய்ந்து மறைந்தது.

ஓட நினைத்தான்.

"மேஸ்திரி."

எழிலின் குரல். பக்கத்தில் வந்து நின்றாள். பிறந்ததிலிருந்து அப்பா என்று கூப்பிட்ட வாய்.

அவனைப் பார்த்துக்கொண்டே சிவப்புச் செருப்பில் காலை நுழைத்தாள். அவளுக்குப் பத்து வயசு. அது ஆறு வயசுப் பிள்ளையின் செருப்பு.

கச்சிதமாகப் பொருந்தியது.

இரண்டு நாள் கழித்துக் குளத்தில் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். விடிவதற்குள் அவ்வளவும் ஆழமான பக்கத்தில் இறங்கிவிட்டது. இன்ஜினியர் தரையை உடைக்கச் சொன்னார். கடப்பாரை போட்டார்கள். இடிசலை அள்ளினார்கள். நடுவில், குமிழி வந்த அதே இடத்தில், இருந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பச்சைப் பாவாடைதான் அடையாளம்.

மணியம்மாளை அழைத்து வந்தார்கள். பாவாடையைத் தொட்டதும் கதறினாள். அப்புறம் காலைப் பார்த்தாள். அழுகையின் நடுவே ஒருகணம் குழம்பினாள்.

"செவப்புதான வாங்கிக் குடுத்தேன்... இது நீலமா இருக்குதே?"

லோடு லோடாகக் கொட்டிய இடிசலுக்கு அடியிலிருந்து எடுத்த காலில், புத்தம்புதிய நீலச் செருப்பு. தருமன் கிட்டே போகவில்லை. வெள்ளையம்மாள் குனிந்து அடிப்பக்கத்தைத் திருப்பினாள். மூன்று புள்ளி. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

போலீஸ் கேட்டதற்கெல்லாம் விபத்து என்று குளத்து வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர் ஆள் வைத்துப் பேசி முடித்தார். யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. மணியம்மாள் தன் மகளை எடுத்துப்போய் அடக்கம் செய்தாள். அதன்பின் அவள் எந்தப் பௌர்ணமிக்கும் வரவில்லை. அவள் மண் தள்ளியது யார்மேல் என்று தருமன் யாரிடம் போய்க் கேட்பான்?

வெள்ளையம்மாள் 2003இல் அடி அண்ணாமலை பக்கம் ஒரு வேலைக்குப் போனபோது அவன் வீட்டைத் தாண்டினாளாம். ரேவதி இளைத்துப் போயிருந்தாள். எழிலை வேலூர் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டார்கள். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்கிறார்களாம். எழிலோடு படித்த பிள்ளைகள் எல்லாம் தாவணி போட்டுவிட்டார்கள். அவள் மட்டும் அன்றைக்கு இருந்த உயரத்திலேயே, வாசலில் உட்கார்ந்து, ரோட்டில் போகிற பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தருமன் வேறு நிறத்தில், வேறு அளவில் எத்தனையோ செருப்பு வாங்கிக் கொடுத்துப் பார்த்துவிட்டான். அவள் தொடுவதில்லை. காலில் அதே சிவப்புச் செருப்பு. ஐந்து வருஷமாகிறது. இன்னும் அது அவளுக்குச் சின்னதாகவில்லை.