நான்காவது தோள்

சாவுச் சங்கு ஊதும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் ஒரு வெள்ளைக் கோட்டு என் கண்ணில் வரும். பருத்திப்பட்டு ஏரிக்கரை மேல், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு என் அண்ணன் எனக்கு முன்னால் நடந்து போனான். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். பட்டணத்துக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலைக்கு அவனை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். ஆவடிக்குப் போய் ரயில் பிடிக்க வேண்டும். கட்டுச்சோற்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு வழியனுப்ப, அவன் தங்கை நான் கூடப் போனேன். தையற்காரர் அளவில் பிசகிவிட்டதால் கோட்டு தோளில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

எங்கள் தெருவில் பள்ளி இறுதி வகுப்புத் தேறியவன் அவன் ஒருவன்தான். அவனோடு கோலி விளையாடியவர்கள் படிக்காமலே தப்பித்துக்கொண்டார்கள். சிலர் ரங்கூனுக்குக் கப்பலேறினார்கள், சிலர் பட்டணத்து மில்லுக்குப் போனார்கள், சண்டை வந்ததும் மிச்சமிருந்தவர்கள் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். படிப்பு முடியட்டும் என்று தங்கிய அண்ணன் அகப்பட்டுக்கொண்டான். தெருவில் மிஞ்சியதெல்லாம் கிழம். ஏற்றம் இறைப்பதில் தொடங்கி வைத்தியரைக் கூட்டி வருவதுவரை எல்லாவற்றுக்கும் அவன்தான். படித்த பிள்ளை என்று வாயாரப் புகழ்வார்கள், மறுநொடி மண்வெட்டியைக் கையில் கொடுப்பார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை பாடை தூக்குவது. எங்கள் வழக்கத்தில் பங்காளிகளின் தோள்தான் படவேண்டும், வேற்றாள் தொடக்கூடாது. ஒருமுறை அண்ணன் பரீட்சைக்குப் போயிருந்தபோது கிழவர்களே தூக்கப்போய், ஏரிக்கரைச் சேற்றில் கால் வழுக்கிப் பாடை சரிந்துவிட்டது. செத்தவர் மண்ணில் கிடந்த அந்தக் கோலத்தைப் பார்த்த பிறகு ஊரில் யாருக்கும் நெஞ்சு தேறவில்லை. ஓரளவு திடமான தோள் அப்பாவோடு சேர்த்து மூன்று இருந்தது. நான்காவது அண்ணன்.

அவன் பட்டணம் போகிற நேரம் பார்த்து எங்கள் பெரியப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். அப்பாவின் தாயாதி அண்ணன். அவருடைய இரண்டு பிள்ளைகளும் ரங்கூனில் இருந்தார்கள், தகவலே இல்லை. முந்தின நாள் அண்ணன் விடைபெறப் போனபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ தெகிரியமா போய்ட்டு வா நைனா. நீ வர்ற வரிக்கும் நான் உசுரோட கீறேன்" என்றார். அந்த மனுஷர் மனசாரத்தான் சொன்னார்.

ஏரிக்கரையில் பாதி தூரம் போயிருப்போம். தண்ணீர் மேல் சங்குச் சத்தம் வந்தது. ஊர்ப்பக்கமிருந்துதான். அண்ணன் நின்றுவிட்டான். தூரத்தில் திருவள்ளூர்ப் பக்கமிருந்து ரயில் புகை தெரிந்தது. 

"வண்டி வருது, நீ போய்டு அண்ணாத்தே" என்றேன்.

அவன் புகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தான். "அங்க மூணு தோளுதான் கீது" என்றான்.

நாங்கள் பெரியப்பா வீட்டை நெருங்கும்போது அழுகைச் சத்தம் இல்லை. பெரியப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மூச்சு அடங்கினது மாதிரி இருந்ததாம், பெரியம்மா அலறினாளாம். சங்கு ஊதுகிறவருக்கும் வயசாகிக் கண் மங்கல். அழுகையை நம்பி ஊதிவிட்டார். அண்ணனைப் பார்த்ததும் பெரியப்பா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். 

அடுத்த வண்டி மதியத்துக்கு மேல்தான், அதற்குள் கம்பெனியில் சொன்ன நேரம் கடந்துவிடும். மறுநாள் போனான். ஆள் எடுத்தாயிற்று என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகும் மனுப் போட்டான், பிறகும் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் தெருவில் யாராவது ஒருவர் இழுத்துக்கொண்டு கிடந்தார். போகாதே என்று யாரும் சொல்லவில்லை. அவனைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். கடைசியில் மனுப் போடுவதையே விட்டுவிட்டான். எனக்குக் கோபமான கோபம், ஆனால் யார்மேல் கோபப்படுவது? சாகிறவர்கள் மேலா?

பெரியப்பாவுக்கு ஆயுசு கெட்டி. அண்ணன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு, திருடி அகப்பட்டவர்போல, "இன்னும் கீறேன்டா நைனா" என்பார். அவர் நிஜமாகவே போன அன்று அண்ணன் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தான். சங்கு ஊதியது. அவன் நிமிரவில்லை. "இன்னொரு தபா ஊதட்டும்" என்றான். இரண்டாம் முறை ஊதிய பிறகு கோடாலியைச் சாத்திவிட்டு, முன்பக்கத் தோள் கொடுக்கப் போனான்.

அண்ணனும் போய் வெகுகாலமாகிறது. அவனைச் சவ வண்டியில் வைத்து எடுத்துப்போனார்கள், தோளுக்கு வேலையில்லை. என் மகன் படித்தான், கடல் தாண்டி வேலைக்குப் போனான். போகும்போது நான் போகாதே என்று சொல்லவில்லை, அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை. பார்த்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஏரியைச் சுற்றி இப்போது மாடி வீடுகள். ஒவ்வொரு மாடியிலும் என்னைப்போல ஒரு கிழம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு டெலிபோனுக்குக் காத்திருக்கிறது.

நேற்று மகன் பேசிக்கொண்டிருக்கும்போது ஏரிப்பக்கமிருந்து சங்கு கேட்டது. இரண்டாம் தரம் ஊதுகிறதா என்று காதைத் தீட்டினேன்.

"அது இன்னாம்மா சத்தம்?" என்றான் பதறிப்போய்.

"யாருக்கோ ஊதறாங்க. நான் இன்னும் கீறேன்டா நைனா, நீ வேலையப் பாரு" என்றேன்.