எதிர்க்கட்சி பெஞ்சு

எங்கள் மாமாவுக்கு ஒரு நாட்டின் ஜனாதிபதியைத் தெரியும். அந்த ஜனாதிபதிக்குத்தான் மாமாவைத் தெரியாது. பசிபிக் கடலில் கடுகளவு தீவு அது. ஸ்கெலட்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுப் பழைய ரேடியோவைக் காதோடு அணைத்துக்கொண்டு, அந்த மனிதர் பதவியில் ஏறுவதையும் இறங்குவதையும் சொந்த அண்ணன் விஷயம் மாதிரி மாமா கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்தத் தீவும் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர். உரத்துக்காகத் தோண்டி நடுவில் ஒன்றுமில்லை என்றான பிறகும், இன்னும் ஆழத்தில் சரக்கு இருக்கிறது, மறுபடி திறப்பேன் என்று சொல்லி ஓட்டு வாங்கியவர் அந்தத் தலைவர். எங்கள் தங்கச் சுரங்கம் மூடி, சுரங்கத்துக்குள் இறங்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த மாமா வீட்டோடு கிடந்த காலம். அங்கே திறந்தால் இங்கேயும் திறந்துவிடும் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

சாயங்காலங்களில் என்னை சயனைடு மேட்டுக்குக் கூட்டிப்போவார். ஆலை கழித்துக் கொட்டிய வெளுத்த மண் மலை. அதுதான் தீவு, கீழே படரும் பனிமூட்டம்தான் கடல். சுரங்கத் தண்ணீரை இறைத்த பம்பு நின்றதால் பூமிக்கடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருப்பதாக மாமா சொல்லியிருந்தார். படுத்தால் எங்கள் வீடே மெல்ல மிதந்து போவது போலிருக்கும். அந்தத் தூக்கம் இப்போதும் எப்போதாவது வருகிறது.

ஒருநாள் அந்த நாட்டுச் சபையில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தலைவரை இறக்கிவிட்டார்கள். மாமா சாப்பிடவில்லை. நான் அழுதேன்.

"அழுவாத பாப்பா. அவரு இன்னா ஊட்டுக்கா பூட்டாரு? எதிர்க்கட்சி பெஞ்சுல போய் குந்திக்கினு கீறாரு. திரும்பி வருவாரு."

அடுத்த வாரம் மாமா விடியற்காலை ரயிலில் பெங்களூர் போகத் தொடங்கினார். எங்கே என்று கேட்டேன்.

"நானும் எதிர்க்கட்சி பெஞ்சுக்குத்தான்."

பெங்களூர் சட்டசபைப் படம் என் பாடப் புத்தகத்தில் இருந்தது. பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்தேன். தோளில் பட்டை வைத்த அவருடைய நீலச் சட்டையை அம்மா வெளிக் கொடியில் போடாமல் அடுப்படியிலேயே உலர்த்தினாள். அரசாங்க ரகசியமாக்கும் என்று அதைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கவில்லை.

சில மாதங்களில் தீவுத் தலைவர் மறுபடி ஜெயித்தார். மாமா ரேடியோவை அணைத்துவிட்டுப் படுத்தார். மறுநாளும் ரயிலுக்குப் போனார்.

ஏதோ ஒரு கம்பெனி கேட்டில் அவர் வாட்ச்மேன் என்பது எனக்குத் தெரியப் பல வருடங்கள் ஆயின. தினமும் வீடு திரும்பியதும் வெந்நீரில் கால் வைத்து உட்கார்ந்திருப்பார்; நான்தான் தண்ணீர் ஊற்றுவேன். நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குக் கால் ஏன் வீங்குகிறது என்று ஒருநாளும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.