பேட்ஜ் இல்லாத பச்சை மாரிஸ்

யார்க்‌ஷயரில் எங்கே பழைய கார்ச் சந்தை கூடினாலும் நார்மன் ஹெப்வொர்த்தும் அவர் மனைவி எட்னாவும் தங்கள் பச்சை மாரிஸ் காரில் வந்துவிடுவார்கள். மற்ற கார்களின் முகப்பில் மோட்டார் சங்க பேட்ஜுகள் வரிசையாக மின்னும். இவர்கள் காரிலோ வெறும் இரண்டு திருகாணி ஓட்டைகள்.

"அந்தக் காலத்து அசல் பேட்ஜ் ஒண்ணு இருக்கு. அந்த ஓட்டைக்கு அப்படியே பொருந்தும். உங்களுக்குன்னா சும்மாவே தர்றேன்," என்பார் கடை போட்டிருக்கும் டெரெக், வருஷம் தவறாமல்.

"ஓட்டைக்கு என்ன குறைச்சல்? நீங்க டீ ஆறிப்போறதுக்குள்ள குடிங்க," என்பாள் எட்னா. நார்மன் காதுவரை சிவந்து வேறு பக்கம் பார்ப்பார். எண்பது வயதில் இந்த வெட்கம் தேவையா, சொல்லுங்கள்.

இருபத்தாறு வயதில் நார்மன் அந்தச் சங்கத்தின் சாலை ஊழியர். மோட்டார் சைக்கிளோடு மேட்டுநிலத்து நாற்சந்தியில் நிற்க வேண்டும். முகப்பில் சங்க பேட்ஜ் இருந்தால் சல்யூட். இல்லாத காருக்குக் கிடையாது. பேட்ஜ் இருந்தும் கை உயரவில்லை என்றால், முன்னே ஏதோ சிக்கல், நிறுத்திக் கேள் என்று அர்த்தம். உறுப்பினர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

சனிக்கிழமைதோறும் பள்ளி ஆசிரியை எட்னா பிக்கர்ஸ் மூடுபனிக்குள்ளிருந்து இதே மாரிஸில் வருவாள். அவர் சல்யூட் அடிப்பார். அவள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவாள். மறுபடி பனிக்குள் மறைந்துவிடுவாள். நாலு வருஷமாக இதே கூத்து. பேசத் துணிவில்லாத மனுஷன், பாவம், அந்த ஒரு விரலை வைத்துக்கொண்டே வாரம் முழுக்கக் கனவு கண்டார்.

எட்னாவுக்கு பிரிஸ்டலில் வேலை கிடைத்துவிட்டது, வரும் சனிக்கிழமையோடு சரி என்று தபால்காரர் ஒருநாள் சொல்லிவிட்டுப் போனார். நார்மனுக்குப் பகீரென்றது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். இந்த ஒரு தடவை சல்யூட் அடிக்கக் கூடாது. அவள் நிறுத்துவாள். சொல்லிவிடலாம்.

சனிக்கிழமை, ஊதாப் பூக்கள் பனியில் கரைந்து கிடந்தன. மாரிஸ் வந்தது. முகப்பில் பேட்ஜைக் காணோம். ஊரை விட்டுப் போகிறவள் சங்கத்திலிருந்து விலகி, முறைப்படி பேட்ஜைத் திருப்பி அனுப்பியிருந்தாள். இனி அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் அவளுக்கு அது ஒன்றும் சொல்லாது. கார் நெருங்கிவிட்டது.

சங்க விதியாவது மண்ணாவது. நார்மன் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்.

பிரேக் கிறீச்சிட்டது. கண்ணாடி இறங்கியது.

"பேட்ஜைத்தான் திருப்பி அனுப்பிட்டேனே, ஹெப்வொர்த். கவனிக்கலையா?"

"கவனிச்சேன், மிஸ் பிக்கர்ஸ்."

"அப்புறம் எதுக்கு சல்யூட்?"

கை இன்னும் நெற்றியிலேயே இருந்தது. "நாலு வருஷமா நான் பேட்ஜுக்கா சல்யூட் அடிச்சேன்னு நினைச்சீங்க?"

எட்னா இஞ்சினை அணைத்தாள்.

"முதல்ல கையைக் கீழ போடுங்க," என்றாள். "வலிக்கப் போகுது."