உப்புப் பார்க்காத கருவாட்டுக் குழம்பு

கபூர் போய்விட்டான். சதுரங்கப்பட்டினம் கபூர். நேற்று சாயங்காலமே அடக்கம் ஆகிவிட்டதாம்... எனக்கு இன்று காலையில்தான் தெரியும்.

அதுவும் எப்படித் தெரிந்தது? எங்கள் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வரதன் போட்ட இரங்கல் மெசேஜ். "ஐம்பதுகளில் செங்கல்பட்டில் நான், கபூர், ஏழுமலை மூவரும் ஒரே ரூம். ஒரே மெஸ்ஸில் ஒன்றாகச் சாப்பிட்டோம். சாதி மதம் பார்க்காத பொற்காலம்." கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள்.

படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. பொற்காலமாம்... மண்ணாங்கட்டி!

அந்த ஏழுமலை நான்தான். கண் சரியில்லை, ஒற்றை விரலால் டைப் செய்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லாமல் விடமாட்டேன்.

எனக்கு மதுராந்தகம் பக்கம். அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் வயலில் கூலி. எங்கள் சேரியிலிருந்து சர்க்கார் வேலைக்கு வந்த முதல் ஆள் நான். கிளார்க்.

எங்கள் ரூமில் அடுப்பே கிடையாது. மூன்று பேருக்கும் பக்கத்துத் தெரு மெஸ்தான் சோறு. ஒருநாள் எங்கள் ஊர்க்காரர் யாரோ வந்து, நான் எந்தத் தெருப் பையன் என்று மெஸ்காரரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் மத்தியானம் நானும் வரதனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். எனக்கு இலை போடவில்லை. "தம்பி, நீ கொல்லப்பக்கம் போய்க்கோ. அங்க எல போட்டு கீது" என்றார் மெஸ்காரர். எல்லாரும் கேட்கிற மாதிரி.

நான் எழுந்தேன். வரதன் எழவில்லை. ரசம் ஊற்றச் சொன்னான்... மோர் வரைக்கும் சாப்பிட்டான்.

ரூமுக்கு வந்து டிரங்குப் பெட்டியில் துணியை அடைத்துக் கயிறு போட்டுக் கட்டினேன். வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ராத்திரி ரயிலுக்கு ஊருக்குப் போய் அப்பாகூட வயலில் இறங்குவது என்று முடிவு.

அது நோன்பு மாசம். கபூர் பகலில் மெஸ் பக்கமே வருவதில்லை. ஆபீஸில் விஷயம் காதில் விழுந்ததும் நேராக மெஸ்ஸுக்குப் போய்க் கத்தியிருக்கிறான். நியாயம் கிடைத்ததா? ஒரு புண்ணாக்கும் கிடைக்கவில்லை. மெஸ் ஜாம்ஜாமென்று நடந்தது.

ரூமுக்கு வந்தவன் பெட்டியைப் பார்த்தான். "இன்னாடா இது?"

"ஊருக்குப் போறேன்."

"துன்னியா?"

"இல்ல."

"அப்ப உக்காரு. துன்னாம ஒருத்தனும் போவ வாணாம்."

பக்கத்து வீட்டில் பம்ப் ஸ்டவ், சட்டி, அரிசி எல்லாம் கேட்டு வாங்கி வந்தான். கபூரின் அப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம். பையன்களுக்கு நன்றாகச் சோறு போடுகிறவர் என்று மெஸ்காரருக்காக அவர் அனுப்பியிருந்த கருவாடு ஒரு பொட்டலம் மூலையில் கிடந்தது. "அந்தாளுக்கா? ஒரு முள்ளு கூட கெடியாது!" என்று பிரித்தான்.

கருவாட்டுக் குழம்பு தின்றே வளர்ந்தவன்தான். ஆனால் அடுப்படியில் கால் வைத்ததில்லை. கருவாட்டை வெந்நீரில் ஊறப்போட்டு உப்பை எடுக்க வேண்டும் என்பதே அவனுக்குத் தெரியாது. அப்படியே சட்டியில் கொட்டினான்.

அதற்கு மேல் உப்பு வேறு. மெஸ்காரருக்கு ஒரு திட்டு, குழம்புக்கு ஒரு கை உப்பு. "கொல்லப்பக்கமா எல போடுவே? கய்தே!" இன்னொரு கை.

"உப்பு பாருடா" என்றேன்.

"நோம்பு வெச்சினு கீறேன், எப்பிடிடா பாக்கறது? மூடிக்கினு உக்காரு!"

நான் பார்த்திருக்கலாம். பகலெல்லாம் பட்டினி கிடந்தவன் முன்னால் வாயில் வைக்க மனசு வரவில்லை.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். ஒரு பேரீச்சம்பழம், ஒரு மடக்குத் தண்ணீர். பிறகு இரண்டு பேரும் ஒரே தட்டில் கை வைத்தோம்.

ஐயோ! கடலை அப்படியே காய்ச்சி ஊற்றின மாதிரி...

விடியலிலிருந்து அந்த ஒரு மடக்கு தவிரத் தண்ணீர் காணாத வாய் அவனுக்கு. கரண்டியைச் சுவரில் விட்டெறிந்தான். கருவாட்டைத் திட்டினான், ஸ்டவ்வைத் திட்டினான், என்னைத் திட்டினான். தண்ணீர்ப் பானையைத் தூக்கி மடக் மடக்கென்று குடித்தான், சட்டையெல்லாம் நனைந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்த அழுகையும் கூடவே வந்தது.

அவன் அதைப் பார்க்காத மாதிரி, வடித்த கஞ்சியைக் குழம்பில் ஊற்றிக் கலக்கினான். குழைந்த சோற்றில் விட்டுப் பிசைந்து என் பக்கம் தள்ளினான். "துன்னு."

கரித்தது. ஆனால் எங்கள் வீட்டு வாசனை. சட்டியை வழித்துத் தின்றோம்.

"பொட்டிய அவுத்துப் போடு. நாளிக்கு உப்பே போடல" என்றான்.

அவிழ்த்துப் போட்டேன். ரிடையர் ஆகும்வரை அதே வேலைதான். மறுநாள் சொன்னபடியே உப்பே போடவில்லை, பாவி.

அப்புறம் அந்த ரூமில் நானும் கபூரும் பொங்கித்தான் தின்றோம். வரதன் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்து, "கருவாட்டு நாத்தம் பேஜாரா கீதுப்பா" என்று ஜன்னலைத் திறப்பான். எங்களோடு ஒரு வேளைகூடச் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

வரதா, உனக்கும் வயசாகிவிட்டது, எனக்கும் ஆகிவிட்டது. மறந்துபோயிருந்தால் போன் பண்ணு, சொல்கிறேன். தெரிந்தே எழுதியிருந்தால் அந்த மெசேஜை எடு. கபூர் காறித் துப்பிவிட்டு வந்த மெஸ்ஸில், செத்த பிறகு அவனை உட்கார வைக்காதே.

இன்று என்ன சமைக்க என்று என் மகள் கேட்டாள். கருவாட்டுக் குழம்பு என்றேன்.

"பிரஷர வெச்சுக்கினு கருவாடாப்பா? சரி, நல்லா ஊறவெச்சுப் போடறேன்."

"ஊற வெக்காம போடும்மா."

போய் வாடா கபூரு. தண்ணி நெறைய குடி.