உமேதுவார் பூதலிங்கம்

எங்கள் தெருப் பூதலிங்கம் பள்ளிக்கூடப் படிப்பு முடிந்ததும் உத்தியோகத்துக்குத் தயாரான அழகைக் கண்ணாரக் கண்டவன் நான். ஆறு மாதம் கையெழுத்துப் பழகினான். இங்கிலீஷானாலும் தமிழானாலும் பிச்சிப்பூ தொடுத்ததுபோல வரிசையாக நிற்கும். ரெவின்யூ விதிகளை ஒப்பித்துக்கொண்டே குளத்தில் குளிப்பான். "மேலதிகாரிக்கு வேற என்ன வேணும்? வடிவான எழுத்து, சட்டம் தெரிஞ்ச மண்டை," என்பான். பாவம், அதை நம்பவும் செய்தான்.

கொல்லம் 1105இல், அதாவது 1930இல், தாலுகா கச்சேரியில் உமேதுவாராகச் சேர்ந்தான். சம்பளம் இல்லாமல் வேலை பழகுகிறவனுக்கு உமேதுவார் என்று பெயர். இடம் காலியானால் நிரந்தரமாகலாம். அவன் மனம் முழுக்க அந்த ஒரு 'லாம்'தான். தாய்மாமா மகள் அழகியநாயகி அவனுக்கென்றே வளர்ந்தவள். "வேலை நிரந்தரமாகட்டு மக்கா, பொறவு கல்யாணம்," என்று மாமா சொல்லியிருந்தார்.

கச்சேரியின் ஹெட்கிளார்க் தெய்வநாயகம் பிள்ளை. முதல் நாளே அவனைக் கூப்பிட்டு, "தோவாளைப் பூச்சந்தை வழியாத்தானே வாறே? வீட்டுல பூசைக்குப் பூ வேணும், கேட்டியா?" என்றார்.

கொண்டுவந்தான். அடுத்த வாரம் வாழையிலை. பிறகு பிள்ளை வீட்டு நெல்லைக் குத்த ஆள், பசுவுக்கு வைத்தியம், அவருடைய மாமியாருக்குச் சுசீந்திரம் தேர் பார்க்க வில்வண்டி. எல்லாம் அனுபவம் என்று எங்களிடம் பெருமையடித்தான். பேனா மட்டும் கைக்கு வரவில்லை. கேட்டால், "பொறுமை வேணும்லா?" என்பான்.

மூன்றாம் வருஷம் பிள்ளையின் தங்கை மகன் பகவதியப்பனும் உமேதுவாராக வந்தான். அவன் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். ஆனால் அவனுக்கு மேசை, நாற்காலி, மசிக்கூடு எல்லாம் கிடைத்தன. பூ கொண்டுவரத்தான் ஏற்கனவே ஆள் இருக்கிறதே!

நாலாம் வருஷம் நகல் எழுதும் குமாஸ்தா ஓய்வு பெற்றார். இந்த வேலையில் யாருக்குப் பழக்கம் என்று தாசில்தார் கேட்டார். பகவதியப்பன் எழுதிய கட்டுகளைப் பிள்ளை எடுத்து வைத்தார். "பூதலிங்கம் என்ன செய்வான்?" என்று கேட்டார் தாசில்தார்.

"நல்ல பையன். வாடாத பூவாப் பாத்து வாங்குவான்," என்றார் பிள்ளை. அதில் பொய் ஒன்றும் இல்லை. பூதலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் சொல்லாததற்கு எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை.

மாமா சொன்ன சொல் மாறாதவர். நிரந்தரமானவனுக்கே பெண் என்றார். நிரந்தரமானவன் பகவதியப்பன்.

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. இரண்டு வீட்டு வேலையையும் பிள்ளையே இழுத்துப் போட்டுக்கொண்டார். பூக்கூடையோடு வந்த பூதலிங்கத்தைப் பார்த்து, "ஏலே, உனக்கு எழுத வருமாலே? இந்த உறைகள்ல விலாசம் போடணும்," என்றார்.

அவன் உட்கார்ந்து ஒரு விலாசம் எழுதினான். பிள்ளை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மலைத்துப் போனார். நாலு வருஷத்தில் அவன் எழுதி அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இம்புட்டு அழகா எழுதுவியா மக்கா? முன்னமே சொல்லப்படாதா?"

பிறகு பெண் வீட்டுப் பட்டியலை நீட்டினார். முதல் பத்திரிகை முறைமாப்பிள்ளைக்கு. ஸ்ரீமான் பூதலிங்கம் பிள்ளை அவர்கள். அதையும் ஒரு சுழி பிசகாமல் எழுதினான்.