வெள்ளிக்கிழமைக் கஞ்சி

பிறதர் றேமண்டைக் கொழும்புக் கொட்டாஞ்சேனையை விட்டுத் துரத்தியது நான்தான். மறைக்க என்ன இருக்கிறது? செய்தபோது எனக்கு நல்ல சந்தோஷமாகவும் இருந்தது.

அவனும் நானும் ஒரே வகுப்பு. இரண்டு பேருடைய அப்பாமாரும் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்கள். நான் துறைமுகத்திலேயே கிளாக்கர் ஆனேன். அவன் மண்ணிற அங்கியைப் போட்டு, இடுப்பில் வெள்ளைக் கயிற்றைக் கட்டிக்கொண்டு பிரான்சிஸ்கன் மடத்துக்குப் போனான். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் அவன் வீட்டை எரித்தார்கள். எரித்தவர்களில் ஒருவனுடைய தாய் செத்தபோது சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்கப் போனவன் இவன். அன்றைக்கே எனக்கு இவனில் எரிச்சல். அதற்குப் பிறகு நாற்பது வருடம் புத்த பன்சலை, கோயில், பள்ளிவாசல் என்று சமாதானம் பேசிச் செருப்புத் தேய்ந்ததுதான் அவன் கண்ட மிச்சம்.

ஈஸ்டர் பூசைக்குப் போன என் மனைவி பிறிஜெற், முஸ்லிம் தீவிரவாதிகள் வைத்த குண்டில் போய்விட்டாள். அவளைப் புதைத்த கிழமையே இவன் எங்கள் தெரு முனையில் ஜவாதின் ஹார்ட்வெயார் கடை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தான். கடைக்கு யாரும் கல் எறியாமல் காவலாம்! ஜவாத் குண்டு வைக்கவில்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்தால் என்ன? வெறுக்க எனக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. அந்த வீட்டுத் தண்ணீர்கூட என் தொண்டையில் இறங்காது என்று பிறிஜெற்றின் கல்லறையில் சத்தியம் செய்தேன்.

இந்த வருடம் தவக்காலமும் றமழானும் ஒன்றாக வந்தன. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் இறைச்சி தொடுவதில்லை. அந்தப் பின்னேரங்களில் றேமண்ட் நீல மூடி போட்ட பாத்திரத்தில் எனக்குக் கஞ்சி கொண்டுவருவான். உள்ளி, வெந்தயம், கெட்டித் தேங்காய்ப்பால். மடத்துக் குசினியில் இப்படி ஒரு சமையல் கையா என்று நினைத்துக்கொண்டே வழித்துக் குடிப்பேன். எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

மூன்றாவது வெள்ளி. என் கஞ்சியைக் குடித்துவிட்டுப் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனேன். ஜவாதின் கடை வாசலில் நோன்பு திறக்கிறார்கள். சுற்றி இருந்தவர்களின் கோப்பைகளில் இறைச்சித் துண்டு. நடுவில் றேமண்ட், கோப்பையை வாயில் வைத்தபடி. மாட்டினாயடா மகனே! போனில் படம் எடுத்தேன். ‘தவக்கால வெள்ளியில் துறவி குடிக்கும் இறைச்சிக் கஞ்சி. செத்த எங்கள் சனத்துக்கு இதுதானா மரியாதை?’ என்று எழுதி எங்கள் தேவாலயப் பங்கு வட்ஸ்அப் குறூப்பில் போட்டேன். விடிவதற்குள் ஊரே காறித் துப்பியது.

மடத்துத் தலைவர் விசாரித்தபோது நானும் போய் முன்னால் நின்றேன்.

“அங்க கஞ்சி குடிச்சனீரோ, பிறதர்?”

“ஓம் ஃபாதர், குடிச்சனான்.”

“வேற ஏதும் சொல்ல இருக்கோ?”

றேமண்ட் என்னை ஒருமுறை பார்த்தான். “இல்லை ஃபாதர்.”

புதன்கிழமை அவனை மலைநாட்டு மடமொன்றுக்கு அனுப்பினார்கள். பஸ்ஸுக்குப் போகிற வழியில் என் வாசலில் நின்றான்.

“றொபேட் மச்சான், வெள்ளிக்கிழமையில பட்டினி கிடக்காத, என்ன?”

“போடா!” என்று கதவை அடித்துச் சாத்தினேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் யாரோ கதவைத் தட்டினார்கள். ஜவாதின் மனைவி ஜவாஹிறா. கையில் அதே நீல மூடிப் பாத்திரம்.

“இது மடத்துச் சாமான் அல்லோ?” என்றேன்.

“இல்ல, எங்கட. ஒங்களுக்கும் பிறதருக்கும் வெள்ளிக்கிழமைக்கு எறச்சி போடாம வேறயா ஒரு சட்டி ஆக்குற. அவருதான் கொண்டுவருவாரு. இப்ப ஆளில்ல, அதான் நான் வந்த.”

பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன். “அப்ப அவன் அதை ஃபாதரிட்டச் சொல்லியிருக்கலாமே?”

“நானும் கேட்ட. ‘சொன்னா றொபேட்டுக்கு விஷயம் தெரிஞ்சிரும். பிறகு அவன் குடிக்க மாட்டான். கிழமைக்கு ஒருக்காவது சூடா ஏதும் அவன்ட வயித்துக்குள்ள போகட்டும்’ எண்டு சென்னாரு.”

நோன்பு திறக்கப் பாங்கு சொல்லப்போகிறது என்று அவள் அவசரமாகப் போய்விட்டாள்.

கஞ்சியைத் தொட்டியில் ஊற்றத்தான் கொண்டுபோனேன். உள்ளி வாசம் மூக்கில் ஏறியது. பாழாய்ப்போன வயிறு! நின்ற நிலையிலேயே குடித்தேன், குடிக்கக் குடிக்க அழுதேன். சமாதானம் சமாதானம் என்று திரிந்தவனே, இப்படிப் பழிவாங்க எனக்குக்கூடத் தெரியாதேயடா!

பாத்திரத்தைக் கழுவி மேசையில் வைத்திருக்கிறேன். அதை ஜவாதின் வீட்டில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொண்டுபோகக்கூடிய ஒருவனை நான்தான் துரத்திவிட்டேன்.