மெஹர் அக்காவும் கழுவாத குடுவை என்ற பழியும்

மெஹர் அக்கா காலமான செய்தியைக் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன். போட்டவர் எங்கள் முன்னாள் துறைத் தலைவர். ‘பொறுமையின் சிகரம்’ என்று எழுதி, கூடவே மூன்று கைகூப்பும் படங்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்காவை அறிந்தவர்களே, பொறுமையாம் பொறுமை! அவருக்கு நியாயம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

தஞ்சாவூரில் எங்கள் வேதியியல் ஆய்வகத்தின் உதவியாளர் அவர். செய்முறைத் தேர்வுக்கான ஸ்டார்ச் கரைசலை, அதாவது மாவுச்சத்துக் கஞ்சியை, அன்றன்று காலையில்தான் காய்ச்சுவார். ஒரு வருடம் இதே தலைவர், “சனிக்கிழமையே காய்ச்சிடுங்க, ஃபிரிட்ஜ்ல வச்சா கெடாது” என்றார்.

“கெடாது சார். ஆனா மாவு தனியா, தண்ணி தனியா ஆயிடும்.”

கேட்பாரா? தன் கையாலேயே குடுவையை உள்ளே வைத்தார். புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளனான நான் பக்கத்தில்தான் நின்றேன்.

தேர்வு நாளான திங்கட்கிழமை குடுவையின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. அயோடின் பட்டும் நீலம் ஒழுங்காக வரவில்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முகம் சுளித்ததும் தலைவர் கூசாமல் சொன்னார்: “எங்க லேப் அசிஸ்டென்ட் குடுவையைச் சரியாக் கழுவல சார்.” மறுநாளே அக்காவுக்கு மெமோ.

அக்கா சும்மா இருக்கவில்லை. புதிதாகக் காய்ச்சிய கரைசலை இரண்டு சுத்தமான பாட்டில்களில் ஊற்றி, ஒன்றை மேசையிலும் மற்றதை ஃபிரிட்ஜிலும் வைத்தார். இரண்டு நாளில் குளிரில் இருந்தது வெள்ளையாகக் கலங்கிப் படிந்தது; மேசையில் இருந்தது அப்படிப் படியவில்லை. வெந்நீரில் பிரிந்து மிதக்கும் மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகள், குளிர்ந்தால் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு, இடையிலிருக்கும் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். பிறகு கரைந்து நிற்க வழியில்லை. அழுக்குக்கு இதில் என்ன வேலை?

பாட்டில்களைத் தலைவர் மேசையில் வைத்துவிட்டு அக்கா கேட்டார்: “நெல்லு வெளையற ஊர்ல பொறந்துட்டு, ஆறுன சோறு ஏன் வெறைக்குதுன்னு கூடவா சார் தெரியல?”

எதிர்த்துப் பேசினார் என்று இரண்டாவது மெமோ வந்தது. மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். “செய்யாத தப்புக்கு எழுதித் தர மாட்டேன்” என்றார். பதவி உயர்வு போயிற்று. ஓய்வு பெறும்வரை உதவியாளராகவே இருந்தார்.

விசாரணையில் என்னையும் கேட்டார்கள். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. “நான் கவனிக்கலீங்க” என்றேன். அக்கா என்னைத் திட்டவில்லை. ஒரே ஒருமுறை, “நீங்களாச்சும் சொல்லியிருக்கலாம்ல சார்?” என்றார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். இன்று காலை கல்லூரி முதல்வரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்: குடுவை சுத்தமாகத்தான் இருந்தது, ஃபிரிட்ஜில் வைத்தவர் துறைத் தலைவர், பார்த்தவன் நான். அதைப் படித்திருக்க வேண்டியவர்தான் இல்லை.